மைக்கைப் பிடுங்கியவரும் சிரித்து மழுப்பியவரும்

(இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

அமெரிக்க அரசியலும் பேச்சு நாகரிகமும் என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். உள்ளே நுழையும்போதே ஒரு சகோதரர் கையைப் பிடித்து நிறுத்தி, "அமெரிக்காக்காரனிடம் போய் நாகரிகம் படிக்கிற காலம் வந்துவிட்டதா பாய்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். இராக்கில் நடந்ததை மறந்துவிட்டுப் பேச நான் வரவில்லை. அவர்களுக்குப் பாராட்டுப் பத்திரம் வாசிக்கவும் வரவில்லை. அரசியல் மேடையில் நாக்கு தறிகெட்டுப் போனால் ஒரு நாட்டில் என்னவெல்லாம் நடக்கும், முதல் அடி யார் மேல் விழும் என்பதை அந்த நாட்டின் கதையை வைத்தே சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

2008 அக்டோபர் 10. மின்னசோட்டா மாநிலத்தில் லேக்வில் என்ற ஊர். அதிபர் தேர்தலுக்கு இன்னும் 25 நாள்தான் இருக்கிறது. குடியரசுக் கட்சி வேட்பாளர் ஜான் மெக்கெய்ன் மக்கள் நடுவில் நின்று கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். எதிர்த்து நிற்பவர் பராக் ஒபாமா. தந்தை கென்யாக்காரர்; பெயரின் நடுவில் ஹுசைன் என்று வேறு இருக்கிறது. அது போதாதா? ஊரெங்கும் கிசுகிசு. கூட்டத்தில் ஒருவர் எழுந்து, ஒபாமா அதிபராகிவிட்டால் என்ன ஆகுமோ என்று பயமாக இருக்கிறது என்கிறார். "அவர் கண்ணியமான மனிதர். அவர் அதிபரானால் நீங்கள் பயப்பட வேண்டியதில்லை" என்கிறார் மெக்கெய்ன். சொந்தக் கட்சிக் கூட்டமே கூச்சல் போடுகிறது. சற்று நேரத்தில் ஒரு அம்மையார் மைக்கை வாங்கி, "ஒபாமாவை என்னால் நம்ப முடியவில்லை. அவரைப் பற்றிப் படித்தேன். அவர் ஒரு அரபு" என்கிறார். மெக்கெய்ன் தலையை ஆட்டியபடியே மைக்கைத் திரும்ப வாங்கிக்கொள்கிறார். "இல்லை அம்மா. அவர் நல்ல குடும்பஸ்தர், இந்த நாட்டுக் குடிமகன். அடிப்படை விஷயங்களில் அவருக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு. அவ்வளவுதான்."

ஓட்டு வேண்டி நிற்கும் நேரத்தில் தன் ஆட்களின் வாயை அடைப்பதற்குத் துணிச்சல் வேண்டும். அவருக்கு அந்த வலி தெரியும் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். மெக்கெய்ன் குடும்பம் வங்கதேசத்தில் டாக்காவிலிருந்த அன்னை தெரசா இல்லத்திலிருந்து ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்து வளர்த்தது. 2000ஆம் ஆண்டு தென் கரோலினாவில் கட்சி வேட்பாளர் தேர்வு நடந்தபோது, அது அவருக்குக் கள்ளத்தனமாகப் பிறந்த கறுப்புக் குழந்தை என்று வதந்தி கிளப்பினார்கள். அந்த மாநிலத்தில் அவர் தோற்றுப் போனார்.

சரி, பாராட்டினோம். இப்போது சற்று நிதானமாக யோசியுங்கள். அந்த அம்மையார் சொன்னது "அவர் அரபு". மெக்கெய்ன் சொன்னது "இல்லை, அவர் நல்ல குடும்பஸ்தர்". அப்படியானால் அரபு என்றால் நல்ல குடும்பஸ்தர் இல்லையா? அரபுக்காரர் அமெரிக்கக் குடிமகனாக இருக்க முடியாதா? மெக்கெய்ன் அந்த எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார் என்றே நான் நினைக்கிறேன். யாரும் எழுதிக் கொடுத்து வாசித்த பதில் இல்லை அது. ஆனால் திட்டு என்று ஒன்றை வீசுகிறார்கள். தற்காத்துப் பேசுகிறவரும் "அவர் அது இல்லை" என்கிறார். அது திட்டுதானா என்று யாருமே கேட்கவில்லை!

கேட்டவர் ஒருவர் உண்டு. ஒன்பது நாள் கழித்து, அக்டோபர் 19 அன்று தொலைக்காட்சிப் பேட்டி ஒன்றில், குடியரசுக் கட்சியைச் சேர்ந்த காலின் பவல் ஒபாமாவை ஆதரிப்பதாக அறிவித்தார். அப்போது இந்தப் பேச்சுக்கும் பதில் சொன்னார். ஒபாமா முஸ்லிம் அல்ல, கிறிஸ்தவர் என்பது சரியான பதில்தான், ஆனால் உண்மையில் சரியான பதில், "முஸ்லிமாகவே இருந்தால்தான் என்ன?" என்பது. இந்த நாட்டில் முஸ்லிமாக இருப்பதில் என்ன தவறு? ஏழு வயது முஸ்லிம் குழந்தை நாளை நான் அதிபராவேன் என்று நினைத்தால் அதில் என்ன தவறு? இப்படிக் கேட்டார் பவல். இராக்கில் உயிரிழந்த 20 வயது முஸ்லிம் ராணுவ வீரர் ஒருவரின் கல்லறையையும், பிறை பொறித்த அந்தக் கல்லில் தலை சாய்த்திருந்த தாயின் புகைப்படத்தையும் பற்றிப் பேசினார்.

அந்தப் பவலா என்று சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. ஆம், அதே பவல்தான். 2003 பிப்ரவரியில் ஐ.நா. பாதுகாப்பு சபையில் உட்கார்ந்து, இராக்கிடம் பேரழிவு ஆயுதம் இருக்கிறது என்று ஆதாரம் காட்டியவர். அந்த ஆதாரம் பொய்யென்று ஆனது. அது தன் வாழ்வில் ஒரு கறை என்று பின்னால் அவரே ஒப்புக்கொண்டார். அந்தக் கணக்கு அவர் பெயரில் அப்படியே இருக்கட்டும். அதற்காக, சொன்ன ஒரு சரியான சொல்லைத் தவறென்று எழுதிவிட முடியாது. கடையில் வரவு ஒரு பக்கம், பற்று ஒரு பக்கம் எழுதுகிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இனி 17 ஆண்டு தாண்டி வாருங்கள். 2025 அக்டோபர். நியூயார்க் மேயர் தேர்தல். ஸோஹ்ரான் மம்தானி என்ற இளம் முஸ்லிம் வேட்பாளரை எதிர்த்து நிற்பவர் முன்னாள் கவர்னர் ஆண்ட்ரூ குவோமோ. வானொலி நிகழ்ச்சி ஒன்றில் பேசுகிறார். இன்னொரு செப்டம்பர் 11 நடந்து, மம்தானி மேயர் நாற்காலியில் இருந்தால் எப்படி இருக்கும் என்று அவர் கேட்க, தொகுப்பாளர் குறுக்கிட்டு, "அவர் மகிழ்ச்சியில் ஆரவாரம் செய்வார்" என்கிறார். குவோமோ சிரிக்கிறார். "அது வேறொரு பிரச்சினை" என்று சொல்லிவிட்டு நகர்கிறார். மம்தானி ஜெயித்தார், 2026 ஜனவரி 1 அன்று பதவியேற்றார் என்பது சந்தோஷமான செய்தி. ஆனால் நான் காட்ட வந்தது அந்தச் சிரிப்பை. 2008இல் ஒரு தலைவர் மைக்கைப் பிடுங்கினார். 2025இல் ஒரு தலைவர் சிரித்து மழுப்பினார். முன்னவர் வலதுசாரி. பின்னவரோ, முஸ்லிம்கள் நம் கட்சி என்று நம்பிய ஜனநாயகக் கட்சியில் வளர்ந்தவர். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வார்த்தைக்கே ஒரு பட்டியல்

இடையில் என்ன நடந்தது? பலர் எல்லாப் பழியையும் டொனால்டு டிரம்ப் தலையில் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அவருக்கு உரிய பங்கு உண்டு. ஆனால் சரக்கு அதற்கு முன்பே சந்தைக்கு வந்துவிட்டது. 1990இல் குடியரசுக் கட்சித் தலைவர் நியூட் கிங்ரிச்சின் அமைப்பு தன் வேட்பாளர்களுக்கு ஒரு சொற்பட்டியல் அனுப்பியது. எதிரியைப் பற்றிப் பேசும்போது துரோகி, நோய், ஊழல், அழுகல் போன்ற சொற்களைப் பயன்படுத்துங்கள் என்று அதில் சொல்லியிருந்தார்கள். எதிரியின் திட்டத்தில் என்ன தவறு என்று ஆராயச் சொல்லவில்லை! அதற்கு முன்பே, 1987இல், வானொலியும் தொலைக்காட்சியும் சர்ச்சைக்குரிய பொது விஷயங்களில் இரு தரப்பையும் சொல்ல வேண்டும் என்று 1949 முதல் இருந்த விதியைக் கைவிட்டிருந்தார்கள். அதன்பின் ஒரு பக்கம் மட்டும் நாள் முழுக்கக் கத்தும் நிலையங்கள் பெருகின.

இன்னொரு காரணம் நம்மவர்கள் அதிகம் கவனிக்காதது. அங்கே பல மாநிலங்களில் ஆளும் கட்சியே தொகுதி எல்லைகளை வரைகிறது. தங்கள் ஓட்டு எங்கே குவிந்திருக்கிறதோ அதற்குத் தக்கபடி கோட்டை வளைத்துக்கொள்வார்கள். பத்து ஆண்டுக்கொரு முறை, மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பின் செய்யும் இந்த வேலையை டெக்சாஸ் மாநிலத்தில் 2025இல் இடையிலேயே செய்தார்கள். குடியரசுக் கட்சிக்கு ஐந்து இடம் கூடுதலாகக் கிடைக்க வேண்டுமாம். அதற்குப் பதிலாகக் கலிபோர்னியாவில் ஜனநாயகக் கட்சியும் அதே ஆண்டு நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பு நடத்தித் தன் பக்கம் கோட்டை வளைத்துக்கொண்டது. விளைவு என்ன? இப்படி வரைந்த தொகுதியில் ஒரு வேட்பாளருக்கு எதிர்க்கட்சியைப் பற்றிப் பயமில்லை. சொந்தக் கட்சிக்குள் தன்னைவிடச் சத்தமாகப் பேசுகிறவரைப் பற்றித்தான் பயம். ஒரே தெருக்காரர்கள் மட்டுமே வாங்க வேண்டும் என்று விதி போட்ட கடையில், அடுத்த தெருக்காரரிடம் மரியாதையாகப் பேச யாருக்கு அவசியம்?

இப்படி விதைத்ததன் அறுவடையைப் பாருங்கள். 2020 தேர்தலில் ஜார்ஜியா மாநிலத்தில் வாக்கு எண்ணும் வேலைக்கு வந்த ஒரு தாயும் மகளும், ஓட்டுகளைத் திருடினார்கள் என்று டிரம்பின் வழக்கறிஞர் ரூடி ஜூலியானி குற்றம் சாட்டினார். வீடியோவில் தாய் மகள் கைக்கு ஏதோ கொடுப்பது தெரிகிறதாம். கணினியில் சொருகும் கருவியாம். விசாரணையில் மகள் சொன்னார்: அது இஞ்சி மிட்டாய். அதற்குள் கொலை மிரட்டல்கள் குவிந்து, தாய் வீட்டைவிட்டே வெளியேற வேண்டியதாயிற்று. 2023 டிசம்பரில் நடுவர் குழு 148 மில்லியன் டாலர், அதாவது 14 கோடியே 80 லட்சம் டாலர், இழப்பீடு கொடுக்க வேண்டும் என்றது. வாட்ஸ்அப்பில் வருவதைப் படிக்காமலே அடுத்தவருக்குத் தள்ளிவிடும் இளைஞர்கள் இந்தத் தொகையை ரூபாயில் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அதே பொய்தான் 2021 ஜனவரி 6 அன்று நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் கூட்டத்தை நுழைய வைத்தது. சுமார் 140 போலீஸ்காரர்கள் காயமடைந்தார்கள். குற்றம் சாட்டப்பட்ட ஏறத்தாழ 1,500 பேருக்கு 2025 ஜனவரி 20 அன்று, மீண்டும் பதவியேற்ற நாளிலேயே, டிரம்ப் மன்னிப்பு வழங்கினார். துப்பாக்கியோ கட்சி பார்க்கவில்லை. 2024 ஜூலையில் பென்சில்வேனியாவில் டிரம்ப்பின் காதை உரசிக்கொண்டு குண்டு போனது. 2025 ஜூனில் மின்னசோட்டா சட்டமன்றத்தின் முன்னாள் சபாநாயகர், ஜனநாயகக் கட்சியின் மெலிசா ஹார்ட்மனும் அவர் கணவரும் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மூன்று மாதத்தில், யூட்டா மாநிலத்தில் பல்கலைக்கழக வளாகக் கூட்டத்தில் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்த வலதுசாரிப் பிரமுகர் சார்லி கிர்க் சுட்டுக் கொல்லப்பட்டார். முஸ்லிம்களைப் பற்றி அவர் பேசிய பேச்சு நமக்கு உவப்பானதல்ல. ஆனாலும் பேசிக்கொண்டிருந்த ஒரு மனிதரைத் துப்பாக்கியால் நிறுத்தியதை எந்த நியாயத்திலும் சேர்க்க முடியாது.

அந்தக் காலத்தில் எல்லாம் பொன்னாக இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். 1856இல் அடிமை முறையை எதிர்த்துப் பேசிய சார்லஸ் சம்னர் என்ற செனட்டரை, செனட் சபைக்குள்ளேயே பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஒருவர் கைத்தடியால் மண்டையை உடைத்தார். அடித்தவருக்குத் தெற்கிலிருந்து புதுக் கைத்தடிகள் பரிசாக வந்தன! ஐந்தாண்டில் உள்நாட்டுப் போர். அந்தப் போருக்கு நடுவில், 1863இல், ஹென்றி ராபர்ட் என்ற ராணுவப் பொறியாளரைத் தேவாலயத்தில் ஒரு பொதுக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கச் சொன்னார்கள். கூட்டம் ரகளையில் முடிந்தது. வெட்கிப்போன மனிதர் கூட்டம் நடத்தும் முறைகளைத் தேடித் தேடிப் படித்து, 1876இல் சொந்தச் செலவில் ஒரு விதிப் புத்தகம் அச்சிட்டார். பேசுகிறவர் எதிராளியைப் பார்த்தல்ல, தலைவரைப் பார்த்தே பேச வேண்டும். கருத்தைத் தாக்கலாம், உள்நோக்கம் கற்பிக்கக் கூடாது. ஒருவரே திரும்பத் திரும்பப் பேசக் கூடாது. இன்றும் அங்கே கிளப் முதல் ஊர்ச் சங்கம் வரை அந்தப் புத்தகம்தான். நம் நிர்வாகக் குழுக் கூட்டங்களில் நாற்காலி பறந்த கதைகள் தெரிந்தவர்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள்.

குடிமையியல் என்ற கடைசிப் பக்கம்

நாகரிகம் தாய்ப்பாலோடு வருவதில்லை. சொல்லிக் கொடுத்தால்தான் வரும். அமெரிக்கப் பள்ளிகள் அதில் என்ன நிலைமையில் இருக்கின்றன? 2022இல் எடுத்த தேசிய மதிப்பீட்டில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளில் 22 சதவீதம் பேர்தான் குடிமையியலில் தேர்ச்சி நிலையைத் தொட்டார்கள். 2016இல் நடந்த ஒரு கணக்கெடுப்பில், அரசின் மூன்று பிரிவுகளையும் சொல்லத் தெரிந்த பெரியவர்கள் 26 சதவீதம் பேர். சட்டமன்றம், நிர்வாகம், நீதிமன்றம்: இதுதான் கேள்வி! வெளிநாட்டிலிருந்து குடியேறிய ஒருவர் குடியுரிமை கேட்டால், இவற்றையெல்லாம் படித்துத் தேர்வில் தேற வேண்டும். 2025 அக்டோபர் முதல் அதை இன்னும் கடினமாக்கி, 128 கேள்விகளைப் படித்து வரச் சொல்கிறார்கள். கேட்கும் 20இல் 12 சரியாக இருக்க வேண்டும். டாக்சி ஓட்டும் சோமாலியா முஸ்லிமுக்குத் தெரிந்தது, அங்கேயே பிறந்தவருக்குத் தெரிய வேண்டியதில்லை. நம் பள்ளிக்கூடத்திலும் வரலாறு, புவியியல் முடிந்து கடைசியில் நாலு பக்கமாகக் கிடந்த பாடம்தானே அது.

தெரிந்தவருக்கு அது எப்படிக் கைகொடுக்கும்? 2006இல் மின்னசோட்டாவிலிருந்து கீத் எல்லிசன் நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். அந்த அவையில் முதல் முஸ்லிம். திருக்குர்ஆன் மீது உறுதிமொழி எடுப்பேன் என்றதும் புயல் கிளம்பியது. குடியேற்றத்தை இறுக்காவிட்டால் இன்னும் பல முஸ்லிம்கள் வந்துவிடுவார்கள் என்று வர்ஜீனியா உறுப்பினர் விர்ஜில் கூட் தன் தொகுதி மக்களுக்குக் கடிதமே எழுதினார். எல்லிசன் பதிலுக்குத் திட்டவில்லை. அவர் வழக்கறிஞர்; சட்டம் தெரியும். எந்தப் பதவிக்கும் மதத் தகுதி கேட்கக் கூடாது என்று அரசியல் சாசனத்தின் ஆறாம் பிரிவிலேயே இருக்கிறது. உறுதிமொழியைச் சபையில் எல்லோரும் சேர்ந்து கையைத் தூக்கித்தான் எடுக்கிறார்கள். வேத நூல் வைத்துக்கொள்வது பிறகு புகைப்படத்துக்காக. அந்தப் புகைப்படத்துக்கு அவர் நாடாளுமன்ற நூலகத்திலிருந்து ஒரு பிரதியை வாங்கி வந்தார். அது அரசியல் சாசன காலத்துத் தலைவர் தாமஸ் ஜெபர்சன் 1765இல், சட்டம் படித்த நாட்களில், விலை கொடுத்து வாங்கிய திருக்குர்ஆன் மொழிபெயர்ப்பு. ஜெபர்சன் பிறந்த மண் கூடின் தொகுதிக்குள்தான் இருக்கிறது! அடிமைகளை வைத்திருந்தவர்தான் ஜெபர்சன்; ஆனால் தன் மாநிலத்து மத சுதந்திரச் சட்டம் யூதருக்கும் முஸ்லிமுக்கும் இந்துவுக்கும் சேர்த்துத்தான் என்று எழுதி வைத்தவரும் அவரே. பதவியேற்ற நாளில் எல்லிசன் நேராகக் கூடிடம் நடந்து போய்க் கை கொடுத்தார். ஒருநாள் காபி குடிக்கலாம் என்றார்.

பேருந்தில் ஒரு வகுப்பு

கடைசியாக, வணிகர்களுக்காகவே எடுத்து வைத்திருந்த ஒரு கதை. தென் கரோலினாவில் ஜான்ஸ் தீவு. கறுப்பின மக்கள் வாழும் பகுதி. 1950களில் அங்கே ஓட்டர் பட்டியலில் பெயர் சேர்க்க வேண்டுமென்றால் சாசனத்தில் ஒரு பகுதியை அதிகாரி முன் வாசித்துக் காட்ட வேண்டும். பள்ளிக்கூடமே பார்க்காத மக்களுக்கு அது ஒரு இரும்புக் கதவு. ஏசா ஜென்கின்ஸ் என்ற கறுப்பின வணிகர் தீவிலிருந்து சார்ல்ஸ்டன் நகரத்துக்குத் தன் பேருந்தில் வேலையாட்களை ஏற்றிப் போவார். போகிற வழியிலேயே அந்தச் சாசனப் பகுதியைப் பயணிகளுக்குச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். பின்னாளில் அவர் வைத்திருந்த வேனில், அன்பு முன்னேற்றம், வெறுப்பு செலவு என்ற பொருளில் எழுதி ஓட்டினார். அந்த வண்டியின் பாகங்கள் இன்று வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

பயணிகளில் ஒரு அம்மையார் முழுவதையும் மனப்பாடம் செய்து, தவறில்லாமல் ஒப்பித்துப் பெயரைச் சேர்த்துவிட்டார். ஆனால் அவருக்கு மனசு ஆறவில்லை. நான் ஒப்பித்தேன், படிக்கவில்லை. எனக்கு நிஜமாகவே படிக்க வேண்டும் என்றார். ஜென்கின்ஸ் இடம் தேடினார். செப்டிமா கிளார்க் என்ற ஆசிரியை கைகொடுத்தார். கறுப்பின உரிமைச் சங்கத்தில் உறுப்பினராக இருந்ததற்காக 1956இல் வேலையிலிருந்து நீக்கப்பட்டவர். தீவு மக்கள் சேர்ந்து ஒரு பழைய கட்டடத்தை வாங்கி, முன்பக்கம் மளிகைக் கடை போட்டார்கள். வெள்ளையர் கண்ணுக்குக் கடை மட்டும் தெரிய வேண்டும். பின்னறையில் 1957 ஜனவரியில் வகுப்பு தொடங்கியது. 14 பேர். தொழில்முறை ஆசிரியர் வந்தால் இந்தப் பெரியவர்கள் கூசிப்போவார்கள் என்று, அழகு நிலையம் நடத்திய பெர்னிஸ் ராபின்சன் என்ற பெண்ணைக் கொண்டு வந்தார்கள். முதல் நாள் அவர் சொன்னது, நான் ஆசிரியை இல்லை, நாம் சேர்ந்து படிப்போம் என்பது. ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனத்தைச் சுவரில் ஒட்டினார். வகுப்பு முடிவதற்குள் எல்லோரும் இதை வாசிக்க வேண்டும் என்றார். குழந்தைகளுக்கான வாசிப்புப் புத்தகங்களைக் கொண்டு வந்திருந்தார். வயதானவர்கள் கையில் அது அவமானமாக இருக்கும் என்று பார்த்ததும் ஒதுக்கி வைத்துவிட்டார். உங்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்று கேட்டார். பெயரெழுத, தபாலில் சாமான் வரவழைக்கும் படிவம் நிரப்ப, மணியார்டர் எழுத, சாசனத்தை வாசிக்க என்று சொன்னார்கள். அந்த மணியார்டர் படிவமே முதல் பாடப் புத்தகங்களில் ஒன்றானது. அந்தப் பின்னறையைப் பார்த்து மற்ற தீவுகளிலும், பிறகு தென் மாநிலங்கள் முழுவதிலும் வகுப்புகள் எழுந்தன. எழுத்தறிவுத் தேர்வுக்கு 1965 ஆகஸ்டில் ஓட்டுரிமைச் சட்டம் முடிவு கட்டத் தொடங்கியபோது, அந்த வகுப்புகளில் படித்தவர்கள் ஏற்கெனவே வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.